பெயரில்லாத டப்பிகள்: பழைய ஸ்டீரியோவின் சுருள்களை அடையாளம் காணும் வேலை

மேசையில் இருப்பது 1970-களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஏஎம்–எஃப்எம் ஸ்டீரியோ ரிசீவர். சர்க்யூட் வரைபடம் இல்லை. பலகையில், உள்ளே கம்பிச் சுருள் கொண்ட சதுர உலோக டப்பிகள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றின் தலையில் வண்ணம் தெரிகிறது, சிலவற்றில் உதிர்ந்துவிட்டது. எது எந்த வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை ஒரு திருகையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சுருளின் நடுவே திருகுபோல் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருளை அரைச் சுற்று திருப்பினாலே சுருள் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிடும்.

ஏஎம் பகுதி சீக்கிரம் பிடிபட்டது. ஜப்பானிய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் வழக்கப்படி சிவப்பு ஆசிலேட்டர் சுருள் (ரேடியோ தனக்குள்ளேயே உருவாக்கும் அலைக்கானது). மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகிய மூன்றும் முதல், இரண்டாம், மூன்றாம் ஐஎஃப் (எந்த நிலையத்தின் சிக்னலும் மாற்றப்படும் நிலையான இடைநிலை அலைவரிசை; இந்த ஏஎம் பகுதியில் 455 கிலோஹெர்ட்ஸ்). வண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. சிவப்பிலிருந்து செல்லும் தடம் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டென்சருக்குப் போகிறது, கறுப்பின் இரண்டாம் சுற்று (வெளியீட்டுக் கம்பிச்சுற்று) ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் டயோடில் முடிகிறது. இடமும் வண்ணமும் ஒத்துப்போனால்தான் எனக்குத் திருப்தி.

மஞ்சள் டப்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. ரேடியோ ஓடும்போது அதைத் தட்டினால் கரகரப்பு வந்தது. ஒரு பக்கம் மூன்று கால்கள், மறுபக்கம் இரண்டு. மூன்று கால் பக்கம் நடுவில் இழுத்த முனையுள்ள முதல் சுற்று (உள்ளீட்டுக் கம்பிச்சுற்று). இரண்டு கால் பக்கம் குறைவான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்று. சிக்னல் ஜெனரேட்டரை 100 கிலோஓம் வழியாக முதல் சுற்றில் கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை இரண்டாம் சுற்றில் வைத்தேன். இந்த இடத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆசிலாஸ்கோப்பின் அளவுமுனையான புரோபை நேரே முதல் சுற்றில் வைத்தால், சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பத்து மடங்கு நிலையில்கூட அதன் 12 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் சுருளோடு சேர்ந்துகொள்ளும். 455 கிலோஹெர்ட்ஸில் வர வேண்டிய உச்சம் (சிக்னல் மிகப் பெரிதாகும் இடம்) 440 அருகே தெரியும். அதைப் பார்த்துத் திருகைத் திருப்பத் தொடங்கினால் நல்ல சுருள் வீணாகிவிடும். இரண்டாம் சுற்றில் சிக்னல் சிறியதுதான், ஆனால் அது உண்மையான உச்சத்தைக் காட்டும்.

உச்சம் 455-இல் வந்தது. அடுத்து முதல் சுற்றின் இரு முனைகளுக்கு இடையில் 100 பிகோஃபாரட் சேர்த்தேன். உச்சம் 365-க்கு இறங்கியது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 0.55. இந்த 0.55-ஆல் 100-ஐ வகுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் கெபாசிட்டர் 180 பிகோஃபாரட், சுருள் 680 மைக்ரோஹென்றி. டப்பியைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

அடிப்பக்கத்தில் தெரிந்த குழாய் வடிவப் பீங்கான் கெபாசிட்டரில் வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தது. அதை மெல்ல உடைத்து நீக்கிவிட்டு, பலகையின் அடியில் 180 பிகோஃபாரட் வைத்துப் பற்றவைத்தேன். கரகரப்பு நின்றது. பிளாஸ்டிக் முனைகொண்ட திருகியால் சிறிது திருப்பியதும் உச்சம் 455-இல் அமர்ந்தது. உலோகத் திருகி இங்கே உதவாது. அது உள்ளே இருக்கும்வரை ஒரு அளவு, எடுத்ததும் வேறு அளவு. ஃபெரைட்டும் எளிதில் விரிசல் விடும்.

எஃப்எம் பக்கம் ஆரஞ்சு, பச்சை, நீலம், ரோஸ் என்று இருந்தன. இவற்றின் வரிசை செட்டுக்குச் செட்டு மாறுவதால் வண்ணத்துக்கு நான் அதிக மதிப்புத் தரவில்லை. எஃப்எம்மின் ஐஎஃப் ஆன 10.7 மெகாஹெர்ட்ஸ் சுருளில் சில சுற்றுகளே இருக்கும்; ஓம் மீட்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். ஒரு ஜோடி டயோடுகளை ஒட்டி நின்றது, எஃப்எம் சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் ரேஷியோ டிடெக்டர் என்று தடத்தைப் பார்த்தே தெரிந்தது.

என்னை நெடுநேரம் பிடித்துவைத்தவை வண்ணமே இல்லாத இரண்டு டப்பிகள். சுற்றுகளின் மின்தடை பல பத்து ஓம். அதைப் பார்த்ததுமே ஐஎஃப் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். இவ்வளவு நீளக் கம்பி சுற்றியிருந்தால் வேலை மிகக் குறைந்த அலைவரிசையில்தான். இரண்டின் அருகிலும் 3300 பிகோஃபாரட் பாலிஸ்டைரீன் கெபாசிட்டர். ஒன்று 19 கிலோஹெர்ட்ஸில் உச்சம் காட்டியது, மற்றது 38-இல். கணக்கிட்டால் முதலாவது 21 மில்லிஹென்றி, இரண்டாவது 5.3. நடுவில் இரண்டு டயோடுகள்.

இது ஸ்டீரியோ டிகோடர், அதாவது இடது வலது ஒலிகளைப் பிரிக்கும் பகுதி. ஸ்டீரியோவுக்கு வழிகாட்டியாக நிலையம் அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலை முதல் சுருள் பிரித்தெடுக்கிறது, டயோடுகள் அதை இரட்டிப்பாக்குகின்றன, இரண்டாம் சுருள் 38-ஐத் தூய்மைப்படுத்தி இடது வலதைப் பிரிக்கும் நான்கு டயோடுகளுக்குக் கொடுக்கிறது. பின்னாளில் எம்சி 1310 போன்ற ஐசிகள் வந்தபோது இந்தச் சுருள்கள் மறைந்து, ஒரு சிறிய பிரிசெட் (திருகியால் மாற்றும் மின்தடை) மட்டும் மிஞ்சியது. அதனால் பழைய செட்டில் இவை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். மாற்றுச் சுருள் எளிதில் அகப்படாது. அமெரிக்கச் சந்தைக்கான செட்டுகளில் இதே வரிசையில், நிலையம் கூடவே அனுப்பும் தனி ஒலிச் சேவையைத் தடுக்க 67 கிலோஹெர்ட்ஸ் தடுப்புச் சுருளும் இருக்கக்கூடும். என் பலகையில் அதற்கான இடம் இல்லை.

இப்போது ஒவ்வொரு டப்பியின் மேலும் எண் எழுதி, திருகின் நிலையைப் படம் எடுத்துவைத்திருக்கிறேன். ஏஎம் சீரமைப்பு முடிந்தது. அடுத்து 38 கிலோஹெர்ட்ஸ் சுருள்: ஸ்டீரியோ சிக்னல் கொடுத்து, வலது ஸ்பீக்கரில் இடது ஒலி கசிவது எந்த நிலையில் மிகக் குறைவாக இருக்கிறது என்று பார்த்துத் திருப்ப வேண்டும்.