80 ஹெர்ட்ஸ் ஓட்டையை அடைச்சாச்சு! (பட்ஜெட் 5.1 ஹோம் தியேட்டர் அப்டேட்)

என் ஹோம் தியேட்டர்ல 80 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கிக் டிரம் குத்துற பேஸ் பகுதியில, சத்தமே காணாம ஒரு ஓட்டை இருந்துச்சு. ஒருவழியா அதை அடைச்சாச்சு, அதுவும் பைசா செலவில்லாம. "10 இன்ச் சப் (பேஸுக்குன்னே இருக்குற சப்வூஃபர்) பத்தாது, 12 வாங்கு"ன்னு அட்வைஸ் பண்ண அத்தனை பேருக்கும் இது சமர்ப்பணம்.

செட்டப் அதேதான். செகண்ட் ஹேண்ட் ரிசீவர் (சத்தத்தைப் பிரிச்சு எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புற ஆம்ப்), புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி (லெஃப்ட்டு, ரைட்டு), அதே சீரிஸ்ல சென்டர், சரவுண்டுக்கு வேற ஏதோ செட்டுல இருந்து கழட்டின குட்டி ஸ்பீக்கர், 10 இன்ச் பவர்டு சப். ரிசீவர் பழசு, 4கே 60 பாஸ் பண்ணாது, பண்ணாட்டி போகட்டும், படம் நேரா டிவிக்கு, சத்தம் மட்டும் ஏஆர்சி (டிவில இருந்து சத்தத்தைத் திருப்பி அனுப்புற எச்டிஎம்ஐ வசதி) வழியா ரிசீவருக்கு. டிவி செட்டிங்ல சத்தம் வெளிய போற ஃபார்மட் பிசிஎம்னு இருந்தா மட்டும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாத்திடுங்க, ஏஆர்சில பிசிஎம் ரெண்டு சேனல்தான், பிட்ஸ்ட்ரீம் போட்டாத்தான் டால்பி 5.1 வரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டயலாக் சுத்தம், வெடிச்சா தரை அதிருது, ஆனா கிக் டிரம் அடிக்கிறப்போ நெஞ்சுல ஒரு குத்து விழணுமே, அது மட்டும் காணோம். 80 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு ஃபோன் மீட்டர்ல பாத்தேன். ஃபோன் மைக் காட்டுற நம்பரை நம்ப வேணாம், நமக்கு கூடுதா குறையுதான்னு தெரிஞ்சா போதும், ஆனா மீட்டரை சி வெயிட்டிங்ல வைங்க (எந்த ஹெர்ட்ஸை எவ்ளோ கணக்குல எடுக்கணும்ங்கிற செட்டிங்), ஏ வெயிட்டிங் 80 ஹெர்ட்ஸ்ல 22 டெசிபெல் கிட்ட முழுங்கிடும். சப்பை ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் மட்டும், அப்புறம் ஸ்பீக்கர் வயரைக் கழட்டி சப் மட்டும், கடைசியா ரெண்டும் சேத்து. தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் பாடுது, சேந்தா ரெண்டையும் விட கம்மி!

இதுலயே குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சப் தனியா ஓடுறப்பவே ஓட்டை இருந்தா அது ரூமோட வேலை. 14 அடி நீள ரூம்னா 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்டாண்டிங் வேவ் (சுவருக்கு சுவர் மோதி அதே இடத்துல நிக்கிற அலை) நிக்கும், நட்ட நடுவுல உக்காந்தா அந்த 40 காதுக்கே வராது, ஈக்வலைசர்ல எவ்ளோ ஏத்தினாலும் ஆம்ப்தான் சூடாகும், சோஃபாவை நகத்துறதத் தவிர வேற வழியில்ல. இங்க கதை வேற, சப்பும் ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்குது. சுத்தமான ஃபேஸ் தகராறு, ஒண்ணோட அலை மேல போறப்போ இன்னொண்ணோடது கீழ போகுது. இதுக்கு 12 இன்ச் வாங்கினா இன்னும் பெரிசா வெட்டிக்கும், அவ்ளோதான்.

என் சப்ல திருகுற ஃபேஸ் நாப் கிடையாது, 0, 180னு ஒரு சுவிட்ச் மட்டும். ரெண்டுலயும் அரைகுறைதான். அதனால ரிசீவர்ல இருக்குற சப் டிஸ்டன்ஸ் செட்டிங்கைப் பிடிச்சேன், சப் எவ்ளோ தூரம்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி சத்தம் கிளம்புற நேரத்தை ரிசீவர் மாத்தும். 80 ஹெர்ட்ஸோட அலை நீளம் சுமார் 4.3 மீட்டர், அதாவது 14 அடி, அப்ப டிஸ்டன்ஸ்ல ஒரு அடி மாத்தினா ஃபேஸ் 25 டிகிரி திரும்புது. சத்தம் எங்க உச்சத்துக்குப் போகுதுன்னு தேடினா கண்டுபிடிக்கவே முடியாது, உச்சி தட்டையா இருக்கும், ரெண்டு அடி தள்ளினாலும் மீட்டர் அசையாது. உல்டாவா தேடணும். ஃபேஸ் சுவிட்சை வேணும்னே எதிர்ப்பக்கம் தள்ளிட்டு, டிஸ்டன்ஸை மாத்தி மாத்தி டோன் எங்க சுத்தமா சாகுதுன்னு பாருங்க. அந்தப் பள்ளம் கூர்மையா இருக்கும், அரை அடிக்கே மீட்டர் எகிறும். செத்த இடம் கிடைச்சதும் சுவிட்சை மட்டும் திருப்பிப் போட்டா டொம்முனு விழுது பாருங்க, ஆஹா!

எனக்கு செட் ஆனது டேப் வச்சு அளந்ததை விட 5 அடி கூட. அதைப் பாத்து பதறி டேப் அளவுக்கு இறக்கிடாதீங்க, சப்புக்குள்ள இருக்குற ஃபில்டரே சிக்னலை லேட் பண்ணுது, ரிசீவருக்கு அது தூரமாத்தான் தெரியும். சப் பின்னாடி இருக்குற லோபாஸ் நாபை (எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டணும்னு வைக்கிறது) முழுசா ஏத்திடுங்க, இல்லாட்டி அந்த ஃபில்டரைத் தாண்டிப் போற எல்எஃப்இ இன்புட்ல குத்துங்க, ரிசீவர் ஒரு ஃபில்டர், சப் ஒரு ஃபில்டர்னு வரிசையா நின்னா இந்த வித்தை பலிக்காது. சென்டரு, லெஃப்ட்டு, ரைட்டு மூணுக்கும் ஒரே டிஸ்டன்ஸ்ல உச்சி கிடைக்காது. நான் சென்டருக்கு ஓட்டுப் போட்டேன்.

ரிசீவர் தானே மைக் வச்சு அளந்து செட் பண்ற இந்த ஆட்டோ செட்டப் மேல எனக்கு தீராத கோவம். 5 இன்ச் ஊஃபர் இருக்குற ஸ்பீக்கரை "லார்ஜ்"னு போடுது, எந்த ஊர் நியாயம்? ஸ்மால்னு மாத்தி 80 ஹெர்ட்ஸ்ல கட் பண்ணேன், அதுக்குக் கீழ உள்ளது சப்புக்குப் போயிடும், சரவுண்ட் குட்டிகளுக்கு 120. மறுபடி மைக்கைச் சொருகி ஓட்டினா எல்லாம் அழிஞ்சுடும், அதனால நம்பரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ரிசீவர் அடியில ஒட்டியாச்சு. பழைய ரிசீவர் வாங்கப் போறவங்க ரிமோட்டோட இந்த மைக்கையும் கேட்டு வாங்குங்க, வேற மாடல் மைக் போட்டா அளவு தப்பா வரும்.

வயர் பத்தி ஒரு வார்த்தை. "காப்பர்"னு எழுதி விக்கிறதுல சிலது, மேல காப்பர் பூசின அலுமினியம். ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அதுதான். கிட்ட இருக்குற ஸ்பீக்கருக்குத் தப்பில்ல, சரவுண்ட் மாதிரி வயர் நீளமா போற இடத்துக்கு நல்ல காப்பர்ல 14 கேஜ் (வயர் தடிமன்) எடுத்துடுங்க.

சரவுண்ட் இன்னும் முடியல. உக்காந்து நேரா பாக்குற திசையில இருந்து 110 டிகிரில வைக்கணும், வலது கரெக்டா நிக்குது, இடது பக்கம் கதவு இருக்குறதால 90லயே மாட்டிக்கிச்சு, சீலிங் பக்கம் ஏத்தி பின்னாடி தள்ளலாமான்னு யோசனை. அதுக்குள்ள மனசு ரெண்டாவது சப்புக்குப் போயிடுச்சு. அதே மாடல்ல ஒண்ணு, முன் சுவர் நடுவுல ஒண்ணு பின் சுவர் நடுவுல ஒண்ணுன்னு வச்சா, அந்த 40 ஹெர்ட்ஸ் ஸ்டாண்டிங் வேவை ரெண்டும் சேந்து கேன்சல் பண்ணிடும். பழைய மாடல், புதுசா வர்றதில்ல, யாராவது விக்கிறாங்களான்னு தேடிட்டு இருக்கேன். கிடைக்கிற வரைக்கும் இடது சரவுண்ட் வயர் கதவு நிலை மேல டேப்புல தொங்கும், யாரும் கேக்கக்கூடாது.