மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டும்போது

தஞ்சை வட்டாரத்து வரலாற்று ஆய்வேடுகளைச் சரிபார்க்கிறவர்களுக்குப் பழகிப்போன அடிக்குறிப்பு ஒன்று உண்டு. பெரிய கோயிலின் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடற்பெண்களை, பற்றிப் பேசும் பக்கத்தில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66’ என்று கல்வெட்டு வாசகங்களை அச்சிட்ட மூலத் தொகுதியே இருக்கும். மாணவர் திறந்து பார்த்ததோ நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைத்தான். பார்க்காத தொகுதி துணைநூற்பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆண்டும் பிசகும். அந்தத் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. எண் 66 எந்தப் பகுதியில் என்று பாராமல் முதல் பகுதியின் ஆண்டைப் போட்டுவிடுவார்கள்.

‘இவர் நூலில் கண்டது’ என்று சொல்ல, மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஜோடெரோவில் தனிக் கட்டம் கிடையாது. கையிலிருக்கும் நூலை மட்டும் பதிவு செய்ய வேண்டும். வேர்டில் மேற்கோள் சேர்க்கும் பட்டையில் நூலின் பெயர் ஒரு குமிழாக நிற்கும். அதைச் சொடுக்கினால் பக்கம், முன்னொட்டு (மேற்கோளுக்கு முன்னால் வரும் சொற்கள்), பின்னொட்டுப் பெட்டிகள் திறக்கும். முன்னொட்டில் ‘தெ.இ.க. 2, எண் 66, எடுத்தாண்டவர்’ என்று தட்டி, பக்கப் பெட்டியில் சாஸ்திரி நூலின் பக்கத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் ஏ.பி.ஏ. மேற்கோள் முறையில் பட்டியலில் சாஸ்திரி மட்டுமே வருவார், அதுதான் சரி. சிகாகோ முறை அடிக்குறிப்பில் இரண்டு நூல்களின் விவரத்தையும் கேட்கும். பதிப்புக் கட்டத்தையும் நிரப்புங்கள்: 1935, 1937இல் இரண்டு தொகுதிகளாக வந்த சாஸ்திரி நூல் 1955இல் திருத்திய ஒரே தொகுதியானது. பதிப்புத் தெரியாத பக்க எண்ணை வைத்து யாராலும் தேட முடியாது.

பெட்டியை விட்டுவிட்டு, ஆவணத்திலேயே அடைப்புக்குறிக்குள் புகுந்து தட்டுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது ‘நீங்கள் மாற்றியதை வைத்துக்கொள்ளவா?’ என்று மென்பொருள் கேட்கும். வேண்டாம் என்றால் தட்டியது போய்விடும். வேண்டும் என்றால் அந்த மேற்கோள் உறைந்துவிடும். கடைசி வாரத்தில் நெறியாளர் மேற்கோள் முறையை மாற்றச் சொன்னால் (சொல்வார்) மற்றவை மாறும், இது மட்டும் பழைய கோலத்தில் நிற்கும்.

மேற்கோளில் திடீரென்று தலைப்பெழுத்து முளைத்தால், ஒரே ஆசிரியர் ‘கே. ஏ. நீலகண்ட’ என்றும் ‘கே. ஏ. என்.’ என்றும் இரண்டு விதமாகப் பதிவாகியிருப்பார். ஏ.பி.ஏ. முறையில் மென்பொருள் அவர்களை இரண்டு சாஸ்திரிகளாக எண்ணிப் பிரித்துக் காட்டுகிறது. பதிவை ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

மருத்துவ ஆய்வேடுகளில் வழக்கமான, பெயருக்குப் பதில் எண்ணை இடும் முறைக்கு முன்னொட்டு ஒத்துவராது. மேலெழுத்து எண்ணோடு சேர்ந்து அந்தச் சொற்களும் மேலே ஏறிக்கொள்ளும். மூல ஆசிரியர் பெயரை வாக்கியத்திலேயே எழுதிவிட்டு எண்ணை மட்டும் போடுவதே வழி.

இத்தனையும் மூலம் கிடைக்காதபோதுதான். தஞ்சையில் கல்லே கோயில் சுவரில் இருக்கிறது. அச்சுத் தொகுதியைத் தேடாமலிருக்கச் சாக்கு இல்லை. சாஸ்திரி பதிவில் ‘மூலம் பார்க்கவும்’ என்று ஒரு குறிச்சொல் இட்டு, கல்வெட்டு எண்ணைக் குறிப்பில் எழுதி வையுங்கள். சமர்ப்பிக்கும் முன் அந்தக் குறிச்சொல்லைச் சொடுக்கினால் நூலகத்துக்கு எடுத்துப்போக வேண்டிய பட்டியல் வந்துவிடும். மூலத்தைப் பார்த்த பிறகு அதற்குத் தனிப் பதிவு போட்டு, குமிழை மாற்றி, முன்னொட்டை அழித்துவிடலாம்.