எந்தக் கை விறைத்தது?

மார்ச் 3
பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போட்டும் வலிப்பு நிற்கவில்லையா? மூன்றாவது மருந்தில் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மூளைச் சத்திரசிகிச்சை பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழா முடியட்டும், நேர்த்திக்கடன் தீரட்டும் என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. ஆனால் குளிசையைத் தவறவிட்ட நாட்களில் வந்த வலிப்பை மருந்தின் தோல்வியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

மார்ச் 9
வலிப்பு வரும்போது வீட்டார் கைத்தொலைபேசியில் எடுக்கும் வீடியோ பெரிய சாட்சி. முகம் மட்டும் போதாது, இரண்டு கைகளும் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு ஒரு நோயாளி: வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கிறது என்பார், பிறகு வாயைச் சப்புவார். இடது கை சாறத்து விளிம்பை நோண்டும், வலது கை முறுகி விறைக்கும். கையை ஆள்வது எதிர்ப்பக்க மூளை; அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் இடது பொட்டுமடலில் (காதோரமாக உள்ள மூளைப்பகுதி). தெளிந்தபின் பேச்சு வர நேரமெடுத்தால் அந்த ஊகம் இன்னும் பலப்படும்.

மார்ச் 17
வீடியோ ஈ.ஈ.ஜி.க்கு (வலிப்பைப் படமெடுத்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) கொழும்பு போகிறவர்களுக்கு: தலையில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், மின்வாய் ஒட்டாது. இரவு பஸ்ஸில் நித்திரை கெட்டால் வழியிலேயே வலிப்பு வரலாம். குளிசையும் கிளினிக் கொப்பியும் கைப்பைக்குள் இருக்கட்டும். பதிவின்போது வலிப்பு வருவதற்காக மருந்தைக் குறைப்பது வாட்டில் வைத்தியர் செய்யும் வேலை, வீட்டில் தொடக் கூடாது.

மார்ச் 24
பெரும்பாலும் ஈ.ஈ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கத்தி. பொட்டுமடலுக்குள் ஞாபகத்தைப் பதியும் ஹிப்போகம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருந்தால் பலன் நன்றாக இருக்கும். 2001இல் வெளியான கனடா ஆய்வில் 80 பேர். ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதிருந்தோர் சத்திரசிகிச்சைப் பக்கம் 58%, மருந்துப் பக்கம் 8%.
சத்திரசிகிச்சைக்கு முன் ஞாபகப் பரிசோதனையை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 1953இல் அமெரிக்காவில் ஒருவருக்கு இரு பக்க ஹிப்போகம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டியெடுத்தார்கள். அதன்பின் அவருக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. ஒரு பக்கம் எடுத்தாலும் பெயர்கள், சொற்கள் தடுமாறலாம், முக்கியமாக இடப்பக்கம் என்றால். பொட்டுமடல் வழியாக வளைந்து செல்லும் பார்வை இழைகள் வெட்டுப்பட்டால் பார்வையில் எதிர்ப்பக்க மேல்மூலை தெரியாது. மோட்டார் சைக்கிள்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மார்ச் 30
தையல் பிரித்ததும் குளிசையை நிறுத்துவதுதான் பெரிய பிழை. வலிப்பே வராவிட்டாலும் ஒன்றிரண்டு வருடமாவது போட்டு, பிறகு வைத்தியர் சொல்லும் விதத்தில் மெதுவாகக் குறைக்க வேண்டும். வைத்தியர் சரி சொல்லும்வரை தனியாக வாவியில் இறங்கவோ தென்னை ஏறவோ வேண்டாம். கிணற்றடியில் வேறொருவர் அள்ளி ஊற்றட்டும்.