பீன்யா பட்டறை நாட்குறிப்பு: நாற்பது ஃபிரேம், ஒரு ஃபிக்சர்

செப்டம்பர் 4, 2025, வியாழன்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையிலிருந்து கொடுத்தனுப்பிய ஆறு இரும்பு ஃபிரேமும் திரும்பி வந்துவிட்டன. மதியம் டெம்போ வாசலில் நின்றதுமே சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

வேலை பார்க்க எளிது. 40×40 சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். வெளி அளவு 900-க்கு 600. நான்கு மூலையிலும் உள்பக்கம் ஒரு 10 மி.மீ. தகடு, அதில் போல்ட்டுக்கு ஒரு துளை. துளைக்குத் துளை நீளத்தில் 760, அகலத்தில் 460, கூடக்குறைய அரை மி.மீ. இருக்கலாம். நாங்கள் கொடுத்ததில் ஒரு மூலைவிட்டம் 890, இன்னொன்று 886. நான்கு போல்ட்டில் மூன்று இறங்குகிறது, நான்காவது இறங்கவில்லை. இதே மாதிரி நாற்பது வேண்டும், அதுவும் ஆயுத பூஜைக்கு முன்னால்.

சித்தப்பா முப்பது வருஷமாக வெல்டர். கையில் அவ்வளவு நிதானம். அவருடைய வெல்டில் குறை சொல்ல யாராலும் முடியாது. "டேக் வைக்கும்போது மூலைமட்டத்துக்கு அச்சா நின்னுச்சும்மா. முழுசா அடிச்சதும் இழுத்துருச்சு" என்றார். (டேக் என்பது முழு வெல்டுக்கு முன்னால் துண்டுகள் நகராமலிருக்க வைக்கும் சின்ன வெல்டு.) உண்மைதான். இரும்பு ஒரு மீட்டருக்கு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும், ஆறினால் சுருங்கும். வெல்டு உருகும் இடத்தில் சூடு 1500 டிகிரிக்குப் பக்கத்தில். அந்தச் சொட்டு உறைந்து சுருங்கும்போது இரண்டு பக்கக் குழாயையும் தன் பக்கம் இழுக்கும். எங்கள் மேசையில் அந்த இழுப்பைத் தடுக்க நான்கு சி-கிளாம்பும் ஒரு காந்த மூலையும்தான் இருந்தன.

சித்தப்பா நூல் கணக்கில் பழகியவர். ஒரு நூல் என்றால் கால் அங்குலத்தில் பாதி, 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கேட்டுக்கும் கிரிலுக்கும் அந்தக் கணக்கு போதும். இந்த வேலைக்கு ஒரு நூலில் ஆறில் ஒரு பங்கு கேட்கிறார்கள். ஃபிக்சர், அதாவது துண்டுகளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் அமைப்பு, செய்தே ஆகவேண்டும் என்று சொன்னேன். "செய்யி பாப்பா, படிச்சது அதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

செப்டம்பர் 6, சனி

காலையிலேயே எஸ்.பி. ரோட்டுக் கடைவீதி. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து நடை. பன்னிரண்டு டாகிள் கிளாம்ப் வாங்கினேன். எட்டு மேலிருந்து அழுத்துகிற வகை, நான்கு முன்னே தள்ளுகிற வகை.

கடையிலேயே ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைச் சாய்க்கும்போது முதலில் லேசாகப் போகும், நடுவில் எதிர்க்கும், அப்புறம் 'டக்' என்று தாண்டி உட்காரும். உள்ளே நான்கு இணைப்புத் துண்டுகள். நடுவிலிருக்கும் மூன்று ஊசிகள் நேர்கோட்டுக்கு வந்து, அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் பூட்டு விழுந்துவிடும். அதற்குப் பிறகு கீழேயிருந்து பொருள் எவ்வளவு முட்டினாலும் கைப்பிடி இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. கையால் இழுத்தால் ஒரு நொடியில் திறந்துவிடும். திருகு இல்லை, சுற்ற வேண்டியதில்லை. நாற்பது ஃபிரேமுக்கு, ஃபிரேமுக்குப் பன்னிரண்டு முறை திருகைச் சுற்றுவதை நினைத்துப் பார்த்தேன். மறு யோசனை இல்லாமல் காசைக் கொடுத்தேன்.

அட்டையில் 227 கிலோ என்று போட்டிருந்தது. 500 பவுண்டைத்தான் கிலோவில் அப்படி எழுதுகிறார்கள். அது அழுத்துகிற பலம் இல்லை. மூடியபிறகு எவ்வளவு எதிர்ப்பு வந்தால் தாங்கும் என்கிற அளவு. கடைப்பையன் இரண்டும் ஒன்று என்றான். இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நாள் முழுவதும் தரையில் சாக்பீஸால் வரைந்தேன்.

டூல் அண்ட் டை படிக்கும்போது 3-2-1 என்று ஒரு பாடம். எந்தப் பொருளும் மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் நகரும், இந்த மூன்று அச்சிலும் சுழலவும் செய்யும். மொத்தம் ஆறு அசைவு. அடியில் மூன்று புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று வைத்தால் ஆறும் நின்றுவிடும். பரீட்சைக்கு இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்று மதியம்தான் உறைத்தது: என்னிடம் இருப்பது ஒரு பொருள் இல்லை. வெல்டு விழும்வரை அது நான்கு குழாயும் நான்கு தகடும். எட்டுத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிற்க இடம் வேண்டும்.

சித்தப்பா எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "கிளாம்ப் அமுத்துற எடத்துக்கு நேர் கீழ திண்டு இருக்கணும்மா. இல்லேன்னா குழாய நீயே வளைச்சிடுவ." குழாய் உட்காரும் எல்லாத் திண்டையும் கிளாம்ப் மூக்குக்கு நேர் கீழே நகர்த்தினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஃபிக்சர் தயார். 16 மி.மீ. தகட்டின்மேல் திண்டுகள், தடுப்புகள், நான்கு துளைக்கும் நான்கு பின்கள். பட்டறையில் கூட வேலை பார்க்கும் கிருஷ்ணகிரித் தம்பி குழாய்களை வைத்தான், நான் கிளாம்புகளை மூடினேன். டக், டக் என்று பன்னிரண்டு சத்தம். சித்தப்பா முகமூடியை இறக்கி கரியமில வாயு பாயும் சி.ஓ.டூ வெல்டிங்கில் நான்கு மூலையையும் முடித்தார். வெல்டு அழகாக விழுந்தது.

எல்லாக் கிளாம்பையும் திறந்தேன். ஃபிரேம் வரவில்லை.

தூக்கினோம், அசையவில்லை. கடப்பாரை வைத்து நெம்பினோம். ரப்பர் சுத்தியல், அப்புறம் இரும்புச் சுத்தியல். ஃபிக்சரோடு சேர்த்து வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசியில் இரண்டு மூலை வெல்டைக் கிரைண்டரில் அறுத்துத்தான் எடுத்தோம். அறுத்த நொடியில் குழாய் 'டங்' என்று துள்ளியது. அதற்குள் அவ்வளவு இழுப்பு பூட்டிக் கிடந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. குழாய்களின் உள்பக்கத்தில் தடுப்பு வைத்து, வெளியிலிருந்து தள்ளுகிற கிளாம்பால் அதன்மேல் அழுத்தியிருந்தேன். கை எட்டுவதற்குச் சுலபம் என்று அப்படிச் செய்தது. ஃபிரேம் ஆறும்போது உள்நோக்கிச் சுருங்கும். சுருங்கி, தடுப்புகளை நான்கு பக்கமும் கவ்விக்கொண்டது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிறவர்கள் இரும்பைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே வேலை. அங்கே அது வேண்டும் என்று செய்வது.

பின்களும் அப்படித்தான். நான்கு துளையிலும் நான்கு உருண்டைப் பின் இறுக்கமாக நின்றால், துளைகளுக்கு நடுவிலுள்ள தூரம் அரை மி.மீ. குறைந்தாலே போதும், எல்லாம் பிடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 12, வெள்ளி

தடுப்புகளை வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன். தள்ளும் கிளாம்புகள் இப்போது உள்ளேயிருந்து வெளியே தள்ளுகின்றன. ஃபிரேம் சுருங்கினால் தடுப்பிலிருந்து தானே விலகும்.

நான்கு பின்னில் ஒன்றை மட்டும் முழு உருண்டையாக விட்டேன். இரண்டாவதை இருபக்கமும் இழைத்து வைர வடிவில் ஆக்கினேன், நீளவாக்கில் சுருங்க இடம் கொடுக்கும், பக்கவாட்டில் விடாது. மற்ற இரண்டும் புஷ் என்ற சின்னக் குழலுக்குள் நிற்கும் கழற்றுப் பின். டேக் வைத்ததும் உருவி விட்டு, அப்புறம்தான் முழு வெல்டிங்.

மாலை ஏழு மணிக்கு முதல் ஃபிரேம் இரண்டு கையால் தூக்கியதும் வந்தது. தம்பி "அக்கா, வந்துருச்சு!" என்று கத்தியதில் பக்கத்து ஷெட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

செப்டம்பர் 13, சனி

மூன்று ஃபிரேம் அடித்து, நன்றாக ஆறவைத்து அளந்தேன். நீளத்தில் துளைத் தூரம் 0.3 மி.மீ. குறைகிறது, அகலத்தில் 1.1. முதலில் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், நீளக் குழாய் 900-ம் ஒரே துண்டு, நடுவில் வெல்டு கிடையாது. அகலத்தில் குட்டைக் குழாயின் இரண்டு முனையிலும் வெல்டு. எங்கே வெல்டு அதிகமோ அங்கே இழுப்பு அதிகம்.

எனவே பின்களை 760.3-க்கும் 461.1-க்கும் நகர்த்திவிட்டேன். வெளித் தடுப்புகளையும் அதே கணக்கில். சுருங்கி வந்து சரியான அளவில் நிற்கட்டும்.

ஒரு ஃபிரேமில் மட்டும் அகலம் 1.8 குறைந்திருந்தது. அதன் குட்டைக் குழாயை அறுப்புச் சக்கரத்தில் வெட்டியிருந்தான் தம்பி, சக்கரம் சாய்ந்து ஒரு ஓரத்தில் 2 மி.மீ. இடைவெளி. அதை வெல்டால் நிரப்பியதால் இழுப்பு கூடியது. இனிமேல் எல்லாம் பட்டை ரம்பத்தில், பேண்ட் சாவில்தான் வெட்டவேண்டும். கிளாம்பை எவ்வளவு சரியாக வைத்தாலும் வெட்டு கோணலாக இருந்தால் பயனில்லை.

செப்டம்பர் 17, புதன்

பக்கத்து ஷெட்டில் பீகார்ப் பையன்கள் விஸ்வகர்மா பூஜை கொண்டாடினார்கள். பூந்தி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இன்று ஒரு டாகிள் கிளாம்ப் இறுகிப்போய்த் திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ரிவெட்டில் கறுப்புக் கறுப்பாகக் குழி. வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகும் எர்த் கேபிளை மேசை ஓரத்தில் மாட்டியிருந்தோம். திண்டில் மழை ஈரத்தால் துரு. கரண்ட் குழாயிலிருந்து மேசைக்குப் போக நல்ல வழி கிடைக்காமல் கிளாம்பின் மூட்டு வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு வெல்டுக்கும் அந்தச் சின்ன ஊசியில் பொறி. ஒரு செம்புப் பட்டையை வளைத்துக் குழாயின் அடியைத் தொடுமாறு வைத்து, எர்த் கேபிளை நேரே அதில் கொடுத்துவிட்டேன்.

கிளாம்ப் மூக்கிலிருந்த ரப்பர் தொப்பிகளும் முதல் நாளே உருகிவிட்டன. அவை மரவேலைக்கும் துளை போடும் வேலைக்கும் சரி. செம்பு முனை கடைந்து மாட்டினோம். செம்பில் ஸ்பேட்டர், அதாவது வெல்டில் தெறிக்கும் இரும்புத் துளி, ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துவிடும்.

செப்டம்பர் 20, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

நேற்று மாலை அவசரம். பதினான்காவது ஃபிரேமை வெல்டு முடிந்ததும் சூட்டோடு எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டோம். காலையில் சமதளத் தகட்டில் வைத்தால் ஒரு மூலை 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. பதினைந்தாவதைக் கிளாம்பிலேயே பத்து நிமிஷம் விட்டுக் கை தொடுகிற சூட்டில் எடுத்தோம். அதில் தூக்கல் 1 மி.மீ.க்கும் குறைவு. சுருக்கத்தின் பெரும்பகுதி ஆறுகிற நேரத்தில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் பிடியை விட்டால், பிடித்ததே வீண்.

அப்படியானால் எல்லா வேலையையும் இறுக்கிப் பிடித்தே ஆறவிடலாமா என்று கேட்டேன். சித்தப்பா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் 40 மி.மீ. தகடு இரண்டை அசையவே முடியாதபடி கட்டி வைத்து வெல்டு அடித்தாராம். சூடு பண்ணாமல் அடித்தது. ராத்திரி ஷெட் அமைதியாக இருந்தபோது ஒரு சத்தம். காலையில் வெல்டின் நடுவில் தலைமுடி மாதிரி நீளமாக ஒரு கீறல். "குழாய் மெலிசும்மா, கொஞ்சம் விட்டுக்குடுக்கும். கனத்த தகடு விட்டுக்குடுக்காது. ரெண்டு பக்கமும் விடலேன்னா வெல்டுதான் விடும்." அதனால் கனத்த வேலையில் முதலில் சூடேற்றுவார், ஒரு பக்கம் நகர இடம் வைப்பார், இழுக்கும் திசைக்கு எதிராக முன்கூட்டியே சாய்த்து வைப்பார். எவ்வளவு சாய்ப்பது என்பது அவர் கண்ணில் இருக்கிறது. அந்த அளவுகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

வரிசையும் மாற்றினோம். மேல்முகத்தில் நான்கு மூலையையும் ஒரே மூச்சில் முடித்தால் ஃபிரேம் வில் மாதிரி வளைகிறது. இப்போது ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை, திருப்பி அடிப்பக்கம் அதேபோல்.

செப்டம்பர் 24, புதன்

இருபத்தேழு முடிந்தது. மழை. மெட்ரோவில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

கிளாம்ப் எட்டாத இடத்தில் சித்தப்பா தன் பழைய பூட்டுக் குறடைத்தான் மாட்டுகிறார். கைப்பிடி முனையிலுள்ள திருகைச் சரிசெய்து ஒரு அமுக்கு அமுக்கினால் நின்றுவிடும். அதுவும் டாகிளைப் போலவே நடுக்கோட்டைத் தாண்டிப் பூட்டுவது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்காவில் டிவிட் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் உருவாக்கியது. பூட்டும் கைப்பிடிக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1924-இல். சித்தப்பாவிடம் சொன்னேன். "கொல்லரா? அதான். ரெண்டு கை பத்தாதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் இது தோணும்" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

நாற்பதும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட்டைக் கையாலேயே இறக்கிப் பார்த்த பிறகுதான் டெம்போவில் ஏற்றினோம். மூலைவிட்ட வித்தியாசம் அதிகபட்சம் 0.8. மாலையில் வாங்குகிறவர்களிடமிருந்து போன் வந்தது, எல்லாம் பொருந்துகிறது என்று.

ஃபிக்சரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். கழற்றுப் பின் ஒன்று 0.2 மி.மீ. தேய்ந்திருக்கிறது, சாதாரண இரும்பில் செய்தது. அடுத்த ஆர்டருக்கு முன்னால் இ.என்.8 என்ற எஃகில் கடைந்து, பதம் ஏற்றி மாட்டவேண்டும். நாளைக்குப் பட்டறையைக் கழுவ வேண்டும். தம்பி பூசணிக்காய்க்கு இப்போதே காசு வாங்கிக்கொண்டான். சித்தப்பா குங்குமம் வைக்க ஃபிக்சரையும் மெஷின் வரிசையில் நகர்த்தி வைக்கச் சொன்னார்.