20 கம்பிச் சக்கரத்துக்கு ரிம் மாற்றிய அனுபவம்

சாலைக் குழியில் பலமாக அடிபட்டு, என் சைக்கிளின் முன்சக்கர ரிம் ஓரிடத்தில் மடங்கிவிட்டது. ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம்) கம்பிகளுக்கும் பழுதில்லை. இது 20 கம்பிச் சக்கரம். தட்டைக் கம்பிகள், ஒன்றையொன்று குறுக்கிடாமல் ஹப்பிலிருந்து நேராக ரிம்முக்குப் போகும் வகை.

கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மின் கோட்டம் எடுத்தால் போதுமே என்று தோன்றலாம். கம்பி குறைந்த சக்கரத்தில் அது சரிவராது. 36 கம்பியில் கம்பிக்குக் கம்பி ரிம்மில் 5 செ.மீ. சொச்சம் இடைவெளி, 20 கம்பியில் அது 10 செ.மீ.யை நெருங்குகிறது. நடுவிலுள்ள பகுதி ரிம்மின் விறைப்பை நம்பித்தான் நிற்கிறது. மடங்கிய ரிம்மைக் கம்பியால் இழுத்து நிமிர்த்தினால் ஒரு கம்பி விறைத்துப் போகும், பக்கத்துக் கம்பி தளர்ந்து கிடக்கும். தளர்ந்த கம்பிதான் சீக்கிரம் உடையும். இதில் ஒன்று உடைந்தாலே ரிம் பிரேக் கட்டையில் போய் உரசும்.

பெரிய வேலை, பொருத்தமான ரிம் தேடுவதுதான். 20 துளை ரிம் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. துளை எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. துளைகள் சம இடைவெளியிலா, இரண்டிரண்டாகச் சேர்ந்தா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் கம்பி முனைகள் வந்து நிற்கும் உள்விட்டம். எதிரெதிர்த் துளைகளில் நீளம் தெரிந்த இரண்டு கம்பிகளை நிப்பிளோடு (கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகு) மாட்டி இழுத்துப் பிடித்து, நடுவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கம்பிகளின் நீளத்தோடு கூட்டினால் அது வந்துவிடும். இதில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு கம்பியிலும் 2 மி.மீ. வித்தியாசம். எனக்குக் கிடைத்த ரிம் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் பழைய கம்பிகளையே வைத்துக்கொண்டேன். நிப்பிள்கள் மட்டும் புதியவை.

பிரிப்பதற்கு முன்னால், மடங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கக் கம்பிகளின் இறுக்கத்தை அளந்து குறித்துக்கொண்டேன். அடிபட்ட பக்கத்து அளவை நம்ப முடியாது. பிறகு எல்லா நிப்பிளையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தளர்த்தினேன். புது ரிம்மைப் பழைய ரிம்மோடு ஒட்டி வைத்து டேப் சுற்றினேன். வால்வுத் துளையும் வால்வுத் துளையும் நேராக இருக்க வேண்டும். துளைகள் இடம் வலமாக மாறி மாறிச் சாய்ந்திருந்தால் அந்த வரிசையும் ஒத்துப்போக வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கம்பியாகப் புது ரிம்முக்கு மாற்றுவது சுலபம். ஆழமான ரிம்முக்குள் நிப்பிள் விழுந்துவிடாமல் இருக்க, உதிரிக் கம்பி ஒன்றை நிப்பிளின் பின்பக்கம் லேசாகத் திருகி அதையே பிடியாக வைத்து இறக்கினேன். கம்பியின் மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

இறுக்கும்போதுதான் பொறுமை வேண்டும். முதலில் மரை மறையும் வரை எல்லாவற்றையும் ஒரே அளவாக, பிறகு அரைச் சுற்று, கடைசியில் கால் சுற்று. இந்தச் சக்கரத்தில் கால் சுற்றே பெரிய மாற்றம். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அங்கே இடக் கம்பியைக் கொஞ்சம் இறுக்கி, இருபுறமும் உள்ள வலக் கம்பிகளை அதில் பாதி தளர்த்தினேன். ஒன்றை மட்டும் தொட்டால் வட்டம் கெடுகிறது. தட்டைக் கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதைக் கருவியால் பிடித்துக்கொண்டுதான் நிப்பிளைத் திருப்ப வேண்டும்.

கோட்டம் அரை மி.மீ.க்குள் வந்ததும் அதை விரட்டுவதை விட்டுவிட்டு, இறுக்கம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். விரலால் மீட்டினால் எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ரிம் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்திவிட்டு, மறுபடி சரிபார்த்தேன். டயர் மாட்டிக் காற்றடித்ததும் இறுக்கம் சற்றுக் குறையும். அது இயல்புதான், அதற்காக மேலும் முறுக்க வேண்டியதில்லை.