ஊறல் தொட்டிக்கு நிமிடத்துக்கு ஒரு தடவை போதும்

புதுவயலில் நான் வேலை பார்க்கும் புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறுகிற ஊறல் தொட்டி, நெல்லைக் காய வைக்கிற டிரையர் ஆகியவற்றின் சூடெல்லாம் இப்போது கம்பியில்லாமலே ஆபீசுக்கு வந்துவிடுகிறது. வயர்லெஸ்ஹார்ட் சென்சார்கள், அதாவது அளவை ரேடியோ வழியாக அனுப்பும் ஆலைக் கருவிகள். பக்கத்து ஆலைகளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது அப்டேட் ரேட்டை.

சென்சார் எத்தனை வினாடிக்கு ஒருமுறை தன் அளவை அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த செட்டிங். காசு போட்டு வாங்கியாயிற்று, வினாடிக்கு வினாடி தெரியட்டுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் அது கரைகிறது. இன்னொன்று, இவை மெஷ் முறையில் இயங்குபவை. தூரத்தில் இருக்கும் சென்சாரின் தகவலைப் பக்கத்தில் இருப்பது வாங்கிக் கடத்தும். ஒன்று அவசரப்பட்டால் வழியில் இருப்பவற்றின் பேட்டரியும் சேர்ந்து தீரும்.

எத்தனை வினாடி சரி என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. நான் போய்க் கேட்டது, பல வருடமாக எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் அண்ணனிடம். “தொட்டித் தண்ணி சூடு அவ்வளவு சுருக்கா இறங்காது அப்பு. டிரையர் காத்துதான் சட்டுன்னு மாறும், உமி போடுறதைப் பொறுத்து” என்றார். தொட்டிகளுக்கு 60 வினாடி, டிரையருக்கு 8 வினாடி என்று வைத்தேன். அவர் சொன்ன கணக்குதான் அது.

மற்ற செட்டிங்குகளை மேசையிலேயே முடித்துவிட வேண்டும். தொட்டி மேல் ஏறி, ஆவிக்கு நடுவே மூடியைத் திருகிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. சென்சாரின் மூடியைக் கழற்றினால், செட்டிங் போடுகிற கைக்கருவியான கம்யூனிகேட்டரின் இரண்டு கிளிப்பை மாட்ட டெர்மினல் இருக்கும். முதலில் எந்த வலையில் சேர வேண்டும் என்று சொல்லும் நெட்வொர்க் ஐடி, அப்புறம் அதில் சேர்வதற்கான ரகசியச் சாவியான ஜாயின் கீ. இந்தக் கீ 128 பிட், எட்டெட்டு எழுத்தாக நான்கு பகுதி. போட்டபின் சென்சாரிலிருந்து அதைத் திரும்பப் படிக்க முடியாது. அதனால் ஒருவர் வாசிக்க, ஒருவர் போட, பிறகு வாசித்தவரே திரையைச் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு வாசித்தது கணக்குப்பிள்ளை. ரோக்கடாவில், அதாவது ரொக்கக் கணக்குப் புத்தகத்தில், தொகை சொல்லும் அதே நிதானத்தோடு வாசித்தார்.

அடுத்தது சென்சார் வகை. எங்களுடையது பிடி100, சூட்டுக்கேற்ப மின்தடை மாறுகிற பிளாட்டினம் முனை; அதிலிருந்து சென்சார் பெட்டிக்கு மூன்று கம்பி. பூஜ்ய டிகிரியில் 100 ஓம், நூறு டிகிரியில் 138.5 ஓம். இதை இரண்டு கம்பி என்று வைத்துவிட்டால் கம்பியின் தடையும் சூட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு ஓம் கூடினால் இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டும். தண்ணீரை 65 முதல் 70 டிகிரிக்குள் பிடித்து வைக்கிற இடத்தில் இது சின்ன விஷயமே இல்லை. சூடு மிஞ்சினால் நெல் வாய் பிளக்கும், அரிசி நிறம் மாறும்.

மாட்டும்போது முதலில், எல்லா சென்சாரின் தகவலையும் வாங்கி ஆபீசுக்குக் கொடுக்கிற கேட்வேக்கு உயிர் கொடுத்து, அதற்கு அருகில் இருக்கும் சென்சாரிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டை சென்சாராவது இருப்பது நல்லது. எங்கள் ஆலை முழுக்கத் தகரக் கூரை, நெல்லை மேலே தூக்குகிற இரும்பு எலிவேட்டர்; இரும்பும் தகரமும் சிக்னலை மறிக்கும். பின்பக்க டிரையர் சென்சாருக்கு ஒரே ஒரு வழிதான் கிடைத்தது. நடுவில் களத்துச் சுவரில் உயரமாக இன்னொன்றை மாட்டியதும் சரியாயிற்று. எல்லாம் சேர்ந்து வலை கட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும், நடுவில் பேட்டரியைக் கழற்றி மாட்டி அவசரப்படுத்தக் கூடாது.

எல்லாம் நன்றாக ஓடுவதைப் பார்த்த முதலாளி, பாய்லர் தண்ணீர் மட்டம் குறைந்தால் நிறுத்துகிற கண்ட்ரோலையும் இதிலேயே மாற்றிவிடலாமே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாய்லர் சூட்டையும் அழுத்தத்தையும் ஆபீசில் உட்கார்ந்து பார்க்க வயர்லெஸ் போதும். ஆபத்தில் தானே நிறுத்துகிற, ஆள் உயிர் சம்பந்தப்பட்ட ட்ரிப் கம்பியில்தான் இருக்க வேண்டும், சேஃப்டி வால்வு அதன் ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்க வேண்டும். அவரை பாய்லர் பக்கத்தில் நிற்க வைத்தே இதைச் சொன்னேன். “சரிப்பா, அதைத் தொடாதே” என்றார்.