ஏலத்துக்கு அரைப்பக்கம், ஆட்டத்துக்கு எட்டு வரி

அமெரிக்காவில் ஏப்ரல் கடைசியில், அவர்களுடைய உதைபந்தாட்ட லீக்கான என்எஃப்எல்லின் ட்ராஃப்ட் நடக்கும். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய உதைபந்தாட்டத்தை எங்கள் ஊரில் ஒருவரும் ஆடுவதில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் விளையாட்டுச் செய்தி எழுதுகிற எனக்கு, அந்த மூன்று நாள் ஆரவாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும்.

கல்லூரியில் ஆடிய பெடியளை 32 அணிகளும் முறைவைத்துத் தெரிந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. 1936இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில், கரும்பலகையில் 90 பெயர்களை எழுதிவைத்துத் தொடங்கினார்கள். முதலாவதாகத் தெரிவான ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1980இல் இஎஸ்பிஎன் தொலைக்காட்சி இதை நேரலையாகக் காட்டக் கேட்டபோது, பெயர் வாசிப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று லீக்கின் ஆணையாளர் பீட் ரொசெல்லே யோசித்தாராம். 2024இல் டெட்ராயிட்டில் மூன்று நாளில் 7 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம் கூடியது.

சனம் கூடட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கு முந்திய மாதங்களில் நடக்கிற ஊகத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. யார் எந்த அணிக்குப் போவார், எத்தனையாவதாகப் போவார் என்று பட்டியல் மேல் பட்டியல். 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற கல்லூரி வீரர் முதற்சுற்றிலேயே போய்விடுவார் என்று பலர் எழுதினார்கள். ஐந்தாம் சுற்றில், 144ஆவதாகத்தான் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை எடுத்தது. பிழையாய்ப் போனது எழுதியவர்களின் கணக்கு. செய்தியோ, 'சாண்டர்ஸ் சரிந்தார்' என்று வந்தது. 23 வயதுப் பெடியன் ஒருவன் வீட்டில் காத்துக்கொண்டிருந்த நேரத்தை உலகமே பார்க்க விட்டார்கள். அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரான டொம் பிராடி 2000இல் தெரிவானது 199ஆவதாக. அவர் யார் என்பதைப் பிறகு ஆடித்தான் காட்டினார்.

எங்களுக்கு அந்த இடத்தில் இந்தியாவின் ஐபிஎல் கிரிக்கெட் ஏலம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் இரண்டு நாள் நடந்தது. ரிஷப் பந்த் 27 கோடி இந்திய ரூபாய்க்குப் போனார். செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஏலநாளில் வலிகாமத்து மைதானமொன்றில் உதைபந்தாட்ட அரையிறுதி பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விட்டு வெளித்திருந்தது, கோல் வாசலில் கணுக்கால் அளவுக்குச் சேறு. ஆட்டம் 1-1, சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றியிருந்த கோல் காப்பாளர், ஒவ்வொரு உதைக்கும் முன்னர் கையுறையைக் கழற்றி, பிளாஸ்டரைப் பல்லால் இறுக்கிவிட்டுத் திரும்ப மாட்டினார். இரண்டு உதைகளைத் தடுத்தார். பகலில் மேசன் வேலை, விரல் உடைந்தது அங்கேதான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்த நேரம்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "ஏலத்துக்கு அரைப்பக்கம் போகுது. நீங்கள் எட்டு வரிக்குள்ள தாங்கோ." பிளாஸ்டர் எட்டு வரிக்குள் அடங்கவில்லை.

இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மூத்த நிருபர் ஒருவர், "சனம் அதைத்தான் தேடி வாசிக்குது தம்பி, பேப்பரும் விக்கவேணும்" என்கிறார். அவர் அனுபவத்தில் சொல்வது, தட்டிக்கழிக்க முடியாது. காணொளி செய்கிற தம்பியோ, "அண்ணை, ஏலத்தைப் பற்றிக் கதைச்சால் ஒரு மணித்தியாலத்தில வாற பார்வை, எங்கட லீக்குக்கு ஒரு மாசத்திலயும் வராது" என்கிறான்.

தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தை விடாமல் எழுதிவரும் தங்கச்சி ஒருத்தி சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. "அண்ணா, ஏலத்தை மேசையில இருந்தே எழுதலாம். மைதானத்துக்குப் போக பெற்றோல் அடிக்கவேணும், மூண்டு மணித்தியாலம் நிக்கவேணும், கோல் அடிச்ச பிள்ளையின்ர பேரைச் சரியாக் கேட்டு எழுதவேணும். அதுக்கு ஆர் காசு தாறது?" அமெரிக்காவிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது என்றே நினைக்கிறேன். ஊகத்துக்கு ஆட்டம் தேவையில்லை, அலைச்சல் தேவையில்லை. மலிவாய் விளைகிறது, அதனால் பக்கம் நிறைய விளைகிறது.

வியாஸ்காந்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ். மத்திய கல்லூரிப் பெடியன், 2020இல் யாழ்ப்பாண ஸ்டாலியன்ஸ் அணிக்காக எல்பிஎல் எனும் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் ஆடியவன். 2024 ஐபிஎல்லுக்கான ஏலத்தில் அவனை ஒரு அணியும் எடுத்திருக்கவில்லை. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹசரங்க காயத்தால் விலக, அவருடைய இடத்துக்குச் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் கூப்பிட்டது. மே 8ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக 4 ஓவர், 27 ஓட்டம். அன்றைக்குத்தான் அவனைப் பற்றி எல்லாரும் தேடத் தொடங்கினார்கள். அவனுடைய லெக் ஸ்பின்னைப் பாடசாலைக் காலத்திலேயே எழுதியவர்கள், மத்திய கல்லூரி மைதானத்து வெயிலில் நின்ற எங்கள் ஊர் நிருபர்கள்.

எங்கள் ஆசிரியரிடம் நான் கேட்டிருப்பது இதுதான்: ஏலத்துக்கு ஒரு அட்டவணை போடுங்கள், பெயர், அணி, விலை, போதும். யார் போவார் என்ற ஊகக் கட்டுரைகளை நிறுத்துங்கள். மிச்ச இடத்தை மாவட்ட லீக்குக்கும் பாடசாலை ஆட்டங்களுக்கும் விடுங்கள். போய்வருகிறவர்களுக்குப் பெற்றோல் காசும் கொடுங்கள்.